ஆட்டோபைலட்டின் பொறுப்பு

மேகத்துக்கு மேலே போய்விட்டால், விமானத்தைத் தானாக ஓட்டும் கருவியான ஆட்டோபைலட்டுக்குத் தலைகால் புரியாது.

"எனக்குள்ள பம்பரம் சுத்துற வரைக்கும் விமானம் கொஞ்சம் சாய்ஞ்சாலும் கண்டுபிடிச்சு நிமித்திருவேன். நீ சும்மா என்கூட ஆடிக்கிட்டு இரு" என்று, விமானி பிடிக்கும் கைப்பிடியிடம் பீற்றிக்கொள்ளும். கைப்பிடிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் வேகத்தை அளக்கும் குழாயில் பனி அடைத்துக்கொண்டது. வேகம் தெரியாமல் திருதிருவென முழித்த ஆட்டோபைலட், எச்சரிக்கை மணியை அடித்துவிட்டுச் சட்டென்று கையை விரித்துவிட்டது. விமானி யூஜினா கைப்பிடியை இறுகப் பிடித்து, படாதபாடு பட்டு விமானத்தைத் தரையிறக்கினார். பயணிகள் கைதட்டினார்கள்.

"பாத்தியா, சரியான நேரத்துல பொறுப்பை ஒப்படைச்சேன்!" என்றது ஆட்டோபைலட்.

கைப்பிடி சொன்னது: "பயந்து ஓடுறவன் எத்தனையோ பேரு. மணியடிச்சிட்டு ஓடி, கைதட்டு வாங்க மட்டும் திரும்பி வர்றவன் நீ ஒருத்தன்தான்."