தீ வைத்தவன் பேர்

"விடிஞ்சதுலேருந்து பச்சைத் தழையால அடிச்சு அடிச்சுத் தோள்பட்டை கழண்டு போச்சு. தொண்டை முழுக்கக் கரி. இதுல யார் தீ வச்சதுன்னு என்னையே கேக்கறீங்களா? இதோ நிக்கிறான் பாருங்க, இவன்தான்!"

நலியாக்கா நீட்டிய விரல், பக்கத்து வயல்காரன் முக்வானாவின் மூக்கை இடிக்காத குறை. அவளுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் கரும்பு, தோகை எரிந்து கறுத்துப்போய்ப் புகைந்துகொண்டிருந்தது.

வயல்களைப் பார்த்து வெட்டு உத்தரவு கொடுக்கும் சர்க்கரை ஆலை ஃபீல்டுமேன் சிதுமா, மோட்டார் பைக்கை விட்டு இறங்காமலேயே சிரித்தார்.

"நஃபுலா அம்மா, எனக்கு இது புதுசா? கட்டிங் ஆர்டர் வரலேன்னா தன் கரும்பைத் தானே கொளுத்திக்க வேண்டியது. எரிஞ்ச கரும்பு மூணு நாளுக்கு மேல தாங்காதுல்ல, ஆலை ஓடி வந்து வெட்டும்னு கணக்கு. இந்த மாசம் இது ஆறாவது வயல். வயலுக்குச் சொந்தக்காரங்களே வச்ச தீன்னா நான் கரும்பை எடுக்கறதில்ல. அப்படியே நின்னு புளிக்கட்டும்."

"ஓ, நானே வச்சுக்கிட்டேனா?" அவள் பைக்கை நெருங்கினாள். "பதினெட்டு மாசத்துல வெட்ட வேண்டிய கரும்பு. இருபத்தஞ்சு மாசமா நிக்குது. எத்தனை தடவை உங்க ஆபீசுக்கு நடந்தேன்? ஒரு நாள் டிராக்டர் இல்ல, ஒரு நாள் பாய்லர் உடைஞ்சுபோச்சு. போன வாரம் டீக்காசுன்னு ஆயிரம் ஷில்லிங் கேட்டீங்க. கேட்டீங்களா இல்லையா? இத்தனை பேர் முன்னாடி சொல்லுங்க!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். சிதுமாவின் சிரிப்பு நின்றது. பைக்கை விட்டு இறங்கினார்.

"வாயை அடக்கிப் பேசும்மா."

"எதுக்கு அடக்கணும்? அடுத்த வாரம் ஆலையை மூணு மாசத்துக்கு மூடறீங்க. அதுக்குள்ள இது வண்டி ஏறலேன்னா எல்டோரெட்ல நர்ஸ் படிக்கிற என் பொண்ணு நஃபுலா ஃபீஸ் இல்லாம பெட்டியைக் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வரணும். அவ படிப்புக்கு நானே கொள்ளி வைப்பேனா?"

சிதுமா முக்வானாவின் பக்கம் திரும்பினார். "என்னடா, வச்சியா?"

"வச்சேன். என் எல்லையில களையைக் கொளுத்தினேன். காத்து திரும்பிடுச்சு. போய்க் காத்தைப் பிடிச்சுக் கேளுங்க."

"பொய்! என் ஆடு இவன் சோளத்தைக் கடிச்சதுக்குப் பழி வாங்கறான்!"

"உன் ஆடும் உன்னை மாதிரிதானே? வாய் எப்பவும் அடுத்தவன் வேலிக்குள்ளதான்." முக்வானா கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "எரிஞ்சதுல உனக்கு என்ன நட்டம்? பூத்து, உள்ள பஞ்சாகி, எலி குடும்பம் நடத்துற கரும்பு. தோகை உரிக்கிற கூலி உனக்கு மிச்சம். நியாயமாப் பாத்தா எனக்கு நீ ஒரு சேவல் அடிச்சுப் போடணும்."

அறை விழுந்தது. முக்வானா இரண்டடி தள்ளிப் போய் நின்றான். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டான்.

"அதான் உன் புருஷன் மொம்பாசாவுக்கு ஓடினவன் ஓடினவன்தான். இந்தக் கையைப் பாத்தவன் எவன் திரும்பி வருவான்?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நலியாக்கா குனிந்து, கரும்பு வெட்டும் கத்தியை எடுத்தாள். இரண்டு பெண்கள் பாய்ந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டார்கள். அவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"விடுங்கடி! இவனை ரெண்டாப் போட்டுட்டு நான் ஜெயிலுக்குப் போறேன். கரும்பும் போச்சு, மானமும் போச்சு, இனி வெளியில இருந்து என்ன கிழிக்கப் போறேன்?"

சிதுமா இருவருக்கும் நடுவில் நின்றிருந்தார். கத்தி அவருடைய சட்டைப் பொத்தானுக்கு ஒரு முழ தூரத்தில் ஆடியது.

"கத்தியைக் கீழ போடும்மா. எழுதித் தர்றேன். தர்றேன்னு சொல்றேன்ல!"

பைக்கின் இருக்கை மேல் புத்தகத்தை வைத்து எழுதினார். எழுத்து கோணலாகப் போனது. "இந்தா, வேற ஆள் வச்ச தீ. நாளைக்குக் காலையில வெட்டாளும் டிராக்டரும் வரும்." சீட்டைக் கிழித்து அவளிடம் கொடுத்துவிட்டு, போகிற போக்கில் முக்வானாவைப் பார்த்து உறுமினார். "உன் பேரைக் குறிச்சாச்சு. இன்னொரு வயல் எரிஞ்சு அதுல உன் பேர் வந்துச்சுன்னா, உனக்கும் ஆலைக்கும் ஒப்பந்தம் கிடையாது. உன் கரும்பை நீயே மென்னு துப்பிக்க வேண்டியதுதான்."

பைக் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. கூட்டம் கலைந்தது. நலியாக்கா சீட்டை மடித்துத் தலைத்துணி முடிச்சுக்குள் செருகினாள். வரப்பில் உட்கார்ந்து உதட்டைத் தடவிக்கொண்டிருந்த முக்வானாவின் எதிரில் வந்து நின்றாள். அவளுக்கு மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"என் புருஷனை எதுக்குடா இழுத்த? நாம பேசி வச்சதுல அது இல்லவே இல்லையே."

"இந்த அறை மட்டும் இருந்துச்சா?" அவன் ரத்தத்தைத் துப்பினான். "அதெல்லாம் விடு. ஆலை திறக்கறப்ப என் கரும்புக்கு இருபது மாசம் ஆயிருக்கும், அவன் கட்டிங் ஆர்டர் தர மாட்டான், இனி எந்தத் தீயிலயும் என் பேர் வரக் கூடாது. மறந்துடாதே நஃபுலா அம்மா, எனக்கு நீ ஒரு தீ பாக்கி."