விழித்திருக்கத் தெரியாத மனுஷன்

“ஐயா, இந்த வாரமும் பிரசங்கத்தில குறட்டை விட்டாக. என் மானமே போவுது. நீங்களே கேளுங்க!”

தலைநகரின் மோதி பாக் அரசு குவார்ட்டர்ஸுக்கு வீடு சந்திக்க வந்த போதகரிடம் ஞானப்பூ புகார் வைத்தாள். அவள் கணவர் தேவப்பிச்சை, அரசாங்க ஆபீஸ் கிளார்க், வாசல் கதவில் சாய்ந்தபடி அசட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

இருவருக்கும் பைபிள் தலைகீழ்ப் பாடம். சண்டை என்று வந்தால் வசனம்தான் ஆயுதம்.

“சோம்பேறியே, எறும்பைப் பாத்துப் படின்னு சாலொமோன் சொல்லலையா?”

“கர்த்தர் தனக்குப் பிரியமானவனுக்குத் தூக்கம் கொடுக்காருன்னும் அதே சாலொமோன்தானே பாடியிருக்கான்?”

“நம்மளைக் காக்கிறவர் உறங்கவும் மாட்டார், தூங்கவும் மாட்டார். தெரியும்லா?”

“அவரு மகன் அந்தப் புயல்லயும் படகில தலையணை வச்சுத் தூங்கினாரே!”

போதகர் சிரித்துவிட்டார். ஞானப்பூவுக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷம் முன்பு கைக்குழந்தை காய்ச்சலில் போன பிறகு பிடித்த தூக்கம் இது. கோயிலில் தூக்கம், பஸ்ஸில் தூக்கம். இந்த எமர்ஜென்சி காலத்தில் ஆபீஸிலும் தூங்கி மெமோ வாங்கிவிட்டார். இன்னொரு தடவை மாட்டினால் வேலையே போய்விடும். பெற்றவள் துக்கத்தில் கிடக்க, இவருக்கு எப்படித் தூக்கம் வருகிறது என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

“கட்டில்ல படுக்கதும் கிடையாது ஐயா. டிசம்பர் குளிர்லயும் இந்தக் கதவுல சாஞ்சுதான் உக்காந்திருப்பாக. கேட்டா காத்து வருதாம்! நான் படுத்தா விடிஞ்சாத்தான் முழிப்பேன். பகல்ல எனக்குக் கொட்டாவி வருதா?”

போதகர் யோசித்தார். “வெள்ளிக்கிழமை கோயில்ல முழு இரவு ஜெபம் இருக்கு. வாங்க தேவப்பிச்சை, தூக்கத்தோட போராடிப் பாப்போம்.”

தேவப்பிச்சையின் சிரிப்பு மறைந்தது. “ராத்திரி மட்டும் வேண்டாம்யா. பகல்ல எவ்வளவு நேரம்னாலும் முழங்கால்ல நிக்கேன்.”

“ஒரு ராத்திரி முழிச்சிருக்கக் கூடாதா?” சிலுவைக்கு முந்தின இரவு தோட்டத்தில் ஆண்டவர் சீஷர்களிடம் கேட்டது போலவே ஞானப்பூவும் கேட்டாள். “போகலைன்னா, பிள்ளைக்காக நீங்க ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதாக்கூட நான் நம்ப மாட்டேன்.”

அந்த வார்த்தை அவரைச் சுட்டிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினார்.

வெள்ளி மாலை மழை தூறிக்கொண்டிருந்தது. பைபிளோடு கிளம்பியவர், பக்கத்து வீட்டுக் காமாக்ஷி மாமியிடம் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். ஞானப்பூ ஜெயித்த நிம்மதியில் படுத்தாள்.

கண் விழித்தபோது விடிந்திருந்தது. அது அவள் கட்டில் இல்லை, மாமியின் கட்டில். அவள் பாதமெல்லாம் சேறு. எதிரே மாமி சிவந்த கண்களோடு காப்பி டம்ளரை நீட்டினாள்.

“மாமி, நான் எப்படி இங்க?”

“மெயின் ரோட்டுக்கே போயிட்டேடி, லாரி வர வழியில! குழந்தை அழறது, அழறதுன்னு சொல்லிண்டு, தூக்கத்துலேயே நடந்து போறே. ராத்திரி ரோந்து வர சௌக்கிதார் கத்தினதுல ஓடி வந்து பிடிச்சேன்.” மாமி குரலைத் தாழ்த்தினாள். “உன்கிட்ட சொல்லப்படாதுன்னு உங்காத்துக்காரர் என்கிட்ட சத்தியம் வாங்கிண்டார். தெரிஞ்சா உனக்கு அப்புறம் தூக்கமே வராதாம்.”

ஞானப்பூ வீசிய வசனங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து அவள் நெஞ்சிலேயே விழுந்தன. டம்ளரை வாங்கி ஓரமாக வைத்தாள்.

“ஒரு ராத்திரி காவல் இருங்கோன்னு சொன்னார், அதுக்கே நான் கண் அசந்துட்டேன்,” என்றாள் மாமி. “ரெண்டு வருஷமா அந்த மனுஷன், நீ வெளியில போயிடக் கூடாதேன்னு, ராத்திரி முழுக்கக் கண் மூடாம அந்தக் கதவுல சாஞ்சுண்டு எப்படித்தான் உக்காந்திருந்தாரோ!”