எட்டாவது டிராக்

கழுத்தில் மஃப்ளரும் கையில் வெந்நீர் ஃபிளாஸ்க்குமாக மச்சான் உள்ளே நுழைந்தபோது, நான் லேப்டாப்பின் வயிற்றைத் திறந்து போட்டுவிட்டு, உருண்டோடிய ஸ்க்ரூவைக் கட்டிலுக்கடியில் தேடிக்கொண்டிருந்தேன். “இன்னிக்காவது முடிஞ்சிடுமா மாப்பிள்ளை?” என்றார். அவருடைய பாட்டைப் பற்றித்தான் கேட்டார்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், லிஃப்ட் மெக்கானிக். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து பாடிவிட்டுப் போவார். குரல் மட்டும் எப்போதும் இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். மேலேயும் போகாது, கீழேயும் இறங்காது.

நானும் லேசுப்பட்ட ஆள் இல்லை. கண்ணாடிக் கடையில் ஃப்ரேம் மாட்டிவிடுவது பிழைப்பு என்றாலும், எனக்குப் பாம்புச் செவி என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருக்கிறேன். அந்தச் செவியை நம்பித்தான் பின்னறையை ஸ்டுடியோவாக்கினேன். திறந்த நாளிலிருந்து இன்றுவரை வந்த ஒரே பாடகர் மச்சான்தான்.

‘உங்களுக்குப் பாட்டு வராது மச்சான்’ என்று உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் மனைவி முகத்தில் விழிக்க முடியாது, ஸ்டுடியோவையும் இழுத்து மூட வேண்டியதுதான். அதனால் ஒவ்வொரு வாரமும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு, “பிரமாதம் மச்சான்” என்பேன்.

பாட்டு இழுத்துக்கொண்டே போனதற்கு அவர் மட்டும் காரணமில்லை. அவர் குரலுக்கு ஒரு டிராக், என் கீபோர்டுக்கு இரண்டு, தாளக் கருவிக்கு நான்கு, அறையின் சத்தத்துக்காகக் கதவோரம் வைத்த மைக்குக்கு ஒன்று என எட்டையும் ஒரே சமயத்தில் பதியச் சொன்னால், பழைய டிஸ்க் பாதிப் பாட்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். பெரும்பாலும் மச்சான் உச்சத்துக்குப் போகும் இடத்தில்தான் நிற்கும். டிஸ்க்குக்கும் பாம்புச் செவியோ என்று எனக்குச் சந்தேகம்.

இன்று அதற்கு முடிவு கட்டினேன். சிடி போடும் பெட்டியைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு டிஸ்க்கைப் பொருத்தினேன். விண்டோஸ் பழையதில் இருக்கும், பாட்டு மட்டும் புதியதில் போய் விழும். ஒருவர் வேலையில் இன்னொருவர் மூக்கை நுழைக்க முடியாது.

புதியதை ஃபார்மேட் செய்யும்போது எந்த டிஸ்க் என்று மூன்று தடவை பார்த்துவிட்டுத்தான் அழுத்தினேன். முன்பு ஒரு தடவை பார்க்காமல் அழுத்தியதில் எங்கள் கல்யாண ஆல்பம் மொத்தமும் போய்விட்டது. மனைவி அதற்குப் பெரிதாக வருத்தப்படவில்லை என்பது எனக்குத் தனி வருத்தம்.

மச்சான் மஃப்ளரை இறுக்கிக்கொண்டு பாடினார். டிஸ்க் நிற்கவே இல்லை. பாதியில் நின்றிருக்கலாமே என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது.

“பிரமாதம் மச்சான்! போட்டுக் காட்டட்டுமா?”

“அதெல்லாம் வேணாம் மாப்பிள்ளை. உங்க காதுக்குச் சரின்னா சரிதான்” என்றார், ஒவ்வொரு வாரமும் சொல்வதைப் போலவே. ஒரு தடவைகூடத் தன் குரலைக் கேட்க ஆசைப்பட்டதில்லை. என் காதின்மேல் இப்படியொரு நம்பிக்கையா என்று உருகிப்போனேன்.

ஒரு பாட்டுக்குத் தாங்கினால் போதாது, நாளைக்குப் பெரிய பாடகர்கள் வந்தால் மணிக்கணக்கில் தாங்க வேண்டும். எட்டு டிராக்கிலும் பதிவை நிறுத்தாமல் அப்படியே ஓடவிட்டு, திரையை மட்டும் அணைத்து, யாரும் லேப்டாப்பைத் தொடக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அதற்குள் மனைவி எட்டிப் பார்த்து, காபி போடப் பால் இல்லை, வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று பையை நீட்டினாள்.

போகும் வழியெல்லாம் என் வாசலில் பாடகர்களை வரிசையில் நிற்க வைத்தேன். பால் கடையில் நான்தான் வரிசையில் நின்றேன்.

காபி குடித்துவிட்டு மச்சான் கிளம்பியதும் ஓடிப் போய்த் திரையைப் போட்டேன். ஓரிடத்தில்கூட அறுபடவில்லை, எட்டும் ஓடிக்கொண்டிருந்தன. நிறுத்திவிட்டு, “வந்து கேளு, இனிமே நம்மளை அசைச்சுக்க முடியாது” என்று மனைவியைக் கூப்பிட்டு, கதவோர மைக்கின் எட்டாவது டிராக்கை, பாட்டு முடிந்த இடத்திலிருந்து பெரிய ஸ்பீக்கரில் போட்டேன்.

நான் செருப்பு மாட்டும் சத்தம் கேட்டது. வாசல் கதவு மூடிக்கொண்டது. பிறகு மச்சான் குரல் வந்தது.

“இந்த மஃப்ளரை அவிழ்த்துத் தொலைக்கட்டுமா? வேகுது. பாத்ரூம்லகூடப் பாடாதவன் நான், என்னைப் போய்ப் பாடகனாக்கிட்டியே.”

பக்கத்தில் நின்ற மனைவி சட்டென்று நிறுத்தக் கை நீட்டினாள். நான் தடுத்துவிட்டேன். ஸ்பீக்கரில் அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

“கொஞ்ச நாள் பல்லைக் கடிச்சுக்கோண்ணா. ஒருத்தரும் வரலைன்னு சோறு தண்ணி இறங்காம கிடந்தாரு. நீ வர ஆரம்பிச்ச அப்புறம்தான் மனுஷன் முகத்துல சிரிப்பே வருது.”

இவர்களையா இத்தனை நாள் நான் பொறுத்துக்கொண்டிருப்பதாக நினைத்தேன் என்று வெட்கமாக இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஸ்பீக்கரில் மச்சான் பெருமூச்சு விட்டார்.

“பாடுறது பெரிசில்லம்மா. நான் கத்துறதைக் கேட்டுட்டுப் ‘பிரமாதம்’ங்கிறாரே, மாப்பிள்ளையை முதல்ல ஒரு காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போ.”