எல்லைக் கல்

"சார், இந்த முனையக் கொஞ்சம் புடிங்க."

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான். யாரும் இல்லை.

சார் என்றது அவனைத்தான். சொன்னது அவன் மனைவி.

பன்னிரண்டு வருடத்தில் 'ஏனுங்க' தவிர வேறெதுவும் சொல்லி அவள் அவனை அழைத்ததில்லை. கோபம் வந்தால் அதுவும் கிடையாது. இன்று நகராட்சி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, நடு வீதியில் நின்று, சார் என்கிறாள்.

"சரிங்க மேடம்" என்றான்.

நெஞ்சு ஒரு சுற்றுப் பெருத்தது.

வண்டி ஏறுவதற்காக ஒவ்வொரு வீட்டுக்காரரும் வீதிக்கு நீட்டிக் கட்டிய சாய்தளங்களை அளக்க வந்திருந்தாள் சுகுணா. எல்லையிலிருந்து ஒன்றரை அடிதான் அனுமதி. ஒரு விரற்கடை கூடினாலும் சிவப்பு பெயின்டில் பெருக்கல் குறி. திங்கட்கிழமை பொக்லைன் வந்து மொத்தமாகப் பெயர்த்துவிடும்.

டேப்பின் முதல் முனையை வீட்டுக்காரரே பிடிக்க வேண்டும் என்பது அவள் முறை. அளவு தப்பு என்று நாளை யாரும் வாய் திறக்கக் கூடாது.

முதல் மூன்று வீட்டிலும் கேட்டாள். மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். கூட வந்த நகராட்சிப் பணியாளர்தான் பெயின்ட் டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பிடித்தார். மூன்று வீட்டிலும் குறி விழுந்தது.

நான்காவது, அவர்கள் வீடு. வீதியே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

"அவங்க ஊட்டுக்கு வந்தா டேப்பு தானாச் சுருங்கிக்கும், பாருங்க."

ஐந்தாம் வீட்டு நாச்சிமுத்து. காதில் விழட்டும் என்றே சொன்னார்.

அவன் டேப்பின் முனையை மதிலில் வைத்து அழுத்தினான். சுகுணா மறுமுனையில் குனிந்து பார்த்தாள்.

ஒன்றரை அடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

யாரோ இருமினார்கள். நாச்சிமுத்து மீசைக்குள் சிரித்தார்.

அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. எழுதப் பேனாவைத் திறந்தாள். அவளுக்குத் தெரிந்த வரையில் அளவு சரி.

அவனுக்குத் தெரிந்தது வேறு.

ஆறு வருடத்துக்கு முன் அவள் பரீட்சை எழுதச் சென்னைக்குப் போயிருந்த வாரம், மதிலுக்கு அழகுக்கல் ஒட்டினான். எல்லைக் கல் இடைஞ்சலாக இருந்தது. மூடிவிடட்டுமா என்று கொத்தனார் கேட்டார். மூடுங்கள் என்றான். ஒட்டிய கல்லின் கனம் நாலு விரற்கடை. அத்தனையும் வீதிப் பக்கம். அதற்கு அப்புறம்தான் சாய்தளம் போட்டான்.

லோடு வேன் உள்ளே ஏற வேண்டுமே. அவள் படிப்புச் செலவுக்காக ஓடிய வேன். வீதியில் நிறுத்தியிருந்த காலத்தில் இரண்டு முறை பேட்டரி களவு போயிற்று.

வாயை மூடிக்கொண்டு நின்றால் சாய்தளம் தப்பும். அவள் பெயர்தான் வீதியில் நாறும்.

"மேடம். எல்லைக் கல்லு இதுக்குப் பின்னாடி இருக்குதுங்க. நாந்தான் மூடச் சொன்னேன்."

நாச்சிமுத்துவின் சிரிப்பு நின்றது.

சுகுணா அவனைப் பார்த்தாள். ஒளித்து வைத்த பீடிக்கட்டைக் கண்டுபிடித்த அன்று பார்த்த அதே பார்வை. இன்று அதில் வேறு ஏதோவும் கலந்திருந்தது.

வேனிலிருந்து டயர் லீவரை எடுத்து வந்து நெம்பினான். அழகுக்கல் இரண்டு பெயர்ந்து காலடியில் விழுந்தன. உள்ளே, சிமென்ட் அப்பிக்கொண்டு, எல்லைக் கல்.

டேப்பின் முனையை அதில் வைத்துப் பிடித்தான்.

நாலு விரற்கடை அதிகம்.

பெயின்ட் டப்பாவை வாங்கி இந்தக் குறியை அவளே போட்டாள். இரண்டே இழுப்பு. ஒரு சொட்டுக்கூட வழியவில்லை.

இவள் என் பெண்டாட்டி என்று வீதி முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும் போலிருந்தது அவனுக்கு. சாய்தளம் போவது வலிக்காமல் இல்லை.

அடுத்து ஐந்தாம் வீடு.

நாச்சிமுத்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கேட்பதற்கு முன்பே வந்து டேப்பின் முனையை வாங்கினார்.

"நல்லா அழுத்திப் புடிங்க, சார்" என்றாள் சுகுணா.

அந்த 'சார்' பட்டத்தை அவருக்கும் கொடுத்துவிட்டாளே என்று அவனுக்கு ஒரு நொடி சுருக்கென்றது.

மதில் மேல் வைத்த நோட்டை எடுக்கத் திரும்பி வந்தாள். அவனைப் பார்க்காமல், வீதிக்குக் கேட்காமல் சொன்னாள்.

"ஏனுங்க. கடப்பாரை மாடிப்படிக்கு அடியில கெடக்குது."

பொக்லைன் வருவதற்குள் சாய்தளத்தைத் தானே உடைக்கப் போவதாக அவன் இன்னும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.