காலி எண்கள்

கணினிக்காரரின் இடக்கை இழுப்பறைக்குள் இருந்தது. தலைவர் அதை முழங்காலால் மூடினார்; சுண்டுவிரல் முறிந்த ஓசை அறை முழுவதும் கேட்டது.

"ஒண்ணு எங்கடா? ரெண்டு எங்க? நாலு, அஞ்சு எங்க?"

"அவங்க நாலு பேரும் செத்துட்டாங்கண்ணே. நீங்கதானே பட்டியல்லேர்ந்து அழிக்கச் சொன்னீங்க?"

"ஆளை அழிச்சா இடத்தை அப்படியே விட்டுவைப்பியா? ஓட்டைப் பல்லு மாதிரி இளிக்குது. இந்தக் கூட்டத்துக்கே தலைவன், நான் ஏழாவதா? இடைவெளி இல்லாம எல்லாரையும் மேலே ஏத்துடா!"

தொலைபேசி ஒலித்தது. தலைவரின் குரல் உடனே கனிந்தது.

"வெளியூர்த் தம்பியா? வந்தாச்சா? நேத்து சொன்ன அதே மூணுதான். பேரெல்லாம் போன்ல வேணாம். கிளம்பும்போது பட்டியல்ல நம்பரைத் தட்டுங்க, படமும் ஆள் இருக்கிற இடமும் வரும். நாம நேர்ல பாத்துக்கவே வேணாம்."

மூன்றாம் எண், போலீசுக்குத் துப்புக் கொடுத்த அவருடைய மைத்துனன்.

கணினிக்காரர் கையை உருவிக்கொண்டார். "அண்ணே, அது பிரைமரி கீ. ஒருத்தருக்குக் குடுத்த நம்பரை, அவரு செத்தாலும் இன்னொருத்தருக்குக் குடுக்கக் கூடாது. குடுத்தா..."

இரும்புக் குழாய் அவருடைய வாயில் இறங்கியது. விசைப்பலகையின் மேல் இரண்டு பற்கள் விழுந்தன.

"எனக்கே பாடம் எடுக்கறியா? தட்டுடா!"

வலக்கையைத் தலைவர் தொடவில்லை. அதற்கு வேலை இருந்தது. அந்த ஒரு கையால் கணினிக்காரர் தட்டினார். திரையில் வரிகள் ஒவ்வொன்றாக மேலே நகர்ந்தன. நான்கு காலியிடங்களும் நிரம்பின.

"இப்பதான் பாக்க லட்சணமா இருக்கு."

"அண்ணே, இன்னும் ஒரே ஒரு விஷயம்..."

"வாயைத் திறந்தே, மிச்சப் பல்லும் தரையிலதான்."

கணினிக்காரர் சட்டை நுனியால் விசைப்பலகையிலிருந்த இரத்தத்தைத் துடைத்தார்.

அரைமணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. முன்பின் அறியாத ஒல்லியான இளைஞன் ஒருவன் நின்றான். இடக்கையிலிருந்த கைபேசியைப் பார்த்தான். தலைவரின் முகத்தைப் பார்த்தான். மறுபடியும் கைபேசியைப் பார்த்தான்.

"யாருப்பா நீ?" என்றார் தலைவர்.

இளைஞனின் வலக்கை துப்பாக்கியோடு உயர்ந்தது.

"மூணாம் நம்பர் நீங்கதானே சார்?"