ஒரு டம்ளர் மோர்

“போன தடவையைவிட வைட்டமின் டி இன்னும் இறங்கிடுச்சும்மா. எலும்பெல்லாம் சல்லடையாகிட்டு வருது. இப்படியே விட்டா, கட்டிலை விட்டு இறங்கறப்பவே கால் முறிஞ்சுடும்” என்றார் டாக்டர் ஜெயப்பிரியா.

முத்தாயம்மாள் கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கணவர் காளியப்பன் டயாலிசிஸ் கட்டிலில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய ரத்தம் பக்கத்து மெஷினுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது.

“தெனமும் காலையில வெயில்ல உக்கார வெக்கறனுங்களே டாக்டரம்மா?”

“கிட்னி வேலை செய்யலைன்னா வெயில் மட்டும் போதாதும்மா. இன்னைக்கு ஒரு ஊசி போடறேன். வீரியமான மருந்து. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லுங்க. வெளியில வாங்கின சத்து மருந்து ஏதாச்சும் குடுக்கறீங்களா? ரெண்டும் சேர்ந்தா ரத்தத்துல கால்சியம் ஏறி இதயமே நின்னுடும்.”

“இல்லீங்க” என்று வாய் சொல்லிவிட்டது.

முத்தாயம்மாள் நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறாள். கோழிகள் ஓடில்லாமல் தோல் முட்டை போட ஆரம்பித்தால், அங்கே தண்ணீரில் வைட்டமின் டி மருந்தைக் கலந்து விடுவார்கள். சில நாளிலேயே முட்டை ஓடு கெட்டிப்பட்டுவிடும். முட்டை ஓட்டை இறுக்குகிற மருந்து மனுஷன் எலும்பை இறுக்காதா என்று அவள் கணக்குப் போட்டாள். அதை யாரிடமாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பண்ணையிலிருந்து ஒரு பாட்டிலை முந்தானைக்குள் மறைத்து எடுத்து வந்தாள். ரெண்டு மாதமாகக் காலை மோரில் அதைக் கலந்து, அவர் கையில் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடினாள். தலைப்பிரசவத்துக்கு வந்து, எட்டாம் மாதத்திலும் வாந்தியும் சோர்வுமாகக் கிடக்கும் மகள் பிரவீனாவிடம்கூட இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

நர்ஸ் ஊசியோடு வந்தாள். சொன்னால் எல்லாரும் காறித் துப்புவார்கள். சொல்லாவிட்டால் தாலி மிஞ்சாது. நர்ஸ் குழாய்ப் பக்கம் குனிந்ததும் முத்தாயம்மாள் பாய்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“போட வேண்டாஞ் சாமி. நான் தப்புப் பண்ணிப்போட்டனுங்க. கோழிக்கு ஊத்தற டி மருந்தை இவருக்குக் குடுத்துட்டு வாரனுங்க.”

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. “எவ்வளவு?”

“தெனமும் ரெண்டு மூடிங்க.”

“ஒரு கொட்டாய் நெறைய இருக்கற கோழிங்க குடிக்கற மருந்தும்மா அது. ஆளைக் கொன்னுடும்” என்று அதட்டிய டாக்டர், கையிலிருந்த ரிப்போர்ட்டை மறுபடி பார்த்தார். நெற்றி சுருங்கியது. “அப்படீன்னா ரத்தத்துல எகிறியிருக்கணுமே. இறங்கியில்ல இருக்கு? நிஜமாவே தெனமும் குடுத்தீங்களா?”

“மோருல கலந்து, என்ற கையால குடுத்தனுங்க.”

சத்தத்தில் காளியப்பனுக்குத் தூக்கம் கலைந்தது. மோர் என்ற சொல்தான் காதில் விழுந்தது. மோர் கொடுத்ததற்குத்தான் மனைவிக்கு ஏச்சு விழுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

“அவளைத் திட்டாதீங்க டாக்டரம்மா. தண்ணியைக் கொறைக்கச் சொன்னீங்கல்ல, நான் அந்த மோரை ஒரு நாளும் வாயில வெக்கலீங்க.”

முத்தாயம்மாளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதாள். “என்னைக் காப்பாத்திட்டீங்க. அத்தனையும் கீழ கொட்டிப்போட்டீங்களா?”

“நீ ஆசையாக் கலக்கிக் குடுத்ததைக் கொட்ட மனசு வருமா புள்ள?” என்று சிரித்தார் காளியப்பன். “வாயும் வயிறுமா இருக்கறவ குடிக்கட்டும்னு, தெனமும் பிரவீனாவுக்குத்தான் குடுத்தேன்.”