ஓடாத படம்

"அந்தப் படமா? அந்த நடிகரோட ரசிகருங்களே மறந்துட்டாங்கக்கா. கேட்டு வாங்குற ஒரே ஆளு நீங்கதான்" என்று சிரித்தார் முதுநகர் சிடி கடை ஆரோக்கியராஜ்.

வீட்டிலிருந்த பழைய சிடி கீறல் விழுந்து நின்றுபோனதால், மாலதி புதிதாக வாங்க வந்திருந்தாள்.

படுத்த படுக்கையாகக் கிடக்கும் மாமனார் தட்சிணாமூர்த்திக்கு அந்த நடிகர் என்றால் உயிர். அவருடைய நல்ல படம் எதையாவது போட்டால் தீர்ந்தது. "மாலதி, இந்த சீன வந்து பாரும்மா" என்று ஓயாமல் கூப்பிடுவார். இந்தப் படத்துக்கு மட்டும் டைட்டில் முடிவதற்குள் தூங்கிவிடுவார். விடிந்ததிலிருந்து அவருக்குச் செய்து செய்து இடுப்பொடிந்து போகும் அவளுக்கு, அந்த மதிய நேரம்தான் ஓய்வு.

அன்றும் படம் தொடங்கியதும் அவர் கண்ணை மூடினார். அவள் பாயை விரித்துச் சாய்ந்தாள். உடம்பெல்லாம் அசதி, ஆனாலும் தூக்கம் வரவில்லை. புரண்டு படுத்தவள் கட்டிலைப் பார்த்தாள். மாமனார் கண் விழித்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பார்வை பட்டதும் சட்டென்று மூடிக்கொண்டார்.

"தூங்கலியா மாமா?"

அகப்பட்டுக்கொண்டவராய் அவர் மெல்லக் கண் திறந்தார்.

"பகல்ல எனக்கு ஏதும்மா தூக்கம்? நான் கண்ண மூடுனாத்தான நீ படுக்கற? நல்ல படம்னா என்னால மூட முடியல. இது ஒண்ணத்தான் பாக்காம கெடக்க முடியுது. நீ படும்மா."

சொல்லிவிட்டு மறுபடியும் கண்களை இறுக மூடிக்கொண்டார்.